எது அபூர்வம்?

மகப்பேற்று மருத்துவ நூல்களில் ஒரு சொல் அடிக்கடி கண்ணிற் படும். பனிக்குட நீர் தாயின் குருதியோட்டத்திற் கலந்து சில நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடுவது, நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரைத் துளைத்து வேரூன்றிக் கொள்வது, பிள்ளை பிறந்த கையோடு கருப்பையே உள்வெளியாகப் புரண்டு வந்துவிடுவது, வலியின் நடுவே கருப்பை வெடித்துப் போவது என்று வரிசையாக எழுதிவிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘அபூர்வமான சிக்கல்’ என்று நூலாசிரியர் குறித்து வைப்பார். நூலில் அச்சொல்லுக்கு இடம் உண்டு. இத்தனை பிரசவத்துக்கு இத்தனை என்று எண்ணிச் சொல்வது விஞ்ஞானத்தின் கடமை. நமது வழக்கு நூலோடு அன்று. அந்தச் சொல் நூலைவிட்டு இறங்கி, பதுளைக்கு வந்து, பசறை வழியாக மலையேறி, ஒரு லயத்து வாசலில் கிடத்தியிருக்கும் பெண்ணின் தலைமாட்டில் நின்றுகொண்டு, “இது மிக மிக அபூர்வம், யாரும் எதுவும் செய்திருக்க முடியாது” என்று ஆறுதல் கூறுகிறதே, அப்போதுதான் அதனைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டியிருக்கிறது.

அபூர்வம் என்பது இயற்கை இட்ட பெயர் என்று எண்ணுவோர் பலர். அது வரலாறு இட்ட பெயர் என்பதற்கு ஒரு நோயைச் சான்றாகக் காட்டுவோம். பிள்ளையின் தலை இடுப்பெலும்பிற் சிக்கி, இரண்டு மூன்று நாள் வீணே வலியெடுத்த பெண்ணுக்குச் சிறுநீர்ப்பைக்கும் பிறப்பு வழிக்கும் இடையிலுள்ள சதை நைந்து பொத்தல் விழும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலும் இந்நோய் புதுமையானதன்று. அலபாமா மாநிலத்தில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த அனார்க்கா, பெட்சி, லூசி முதலான பெண்களின் உடம்பில், மயக்க மருந்தின்றி, 1845 முதல் 1849 வரை திரும்பத் திரும்பக் கத்தி வைத்துத்தான் மரியன் சிம்ஸ் என்னும் வைத்தியர் அதற்குரிய சத்திரசிகிச்சையைக் கண்டார். அனார்க்கா ஒருத்தியின் உடம்பில் மட்டும் முப்பது தடவை. 1855இல் நியூயோர்க்கில் பெண்களுக்கென்று ஒரு வைத்தியசாலையைத் திறந்து அவர் புகழடைந்தார். அவருக்கு எழுப்பிய சிலை அந்நகரின் மத்திய பூங்காவை விட்டு அகற்றப்பட்டது 2018இல்தான்.

இன்று அதே நியூயோர்க்கில் இந்த நோய் அபூர்வம். எதியோப்பியாவிலோ, 1959இல் அங்கே போய்ச் சேர்ந்த ஹம்லின் தம்பதியர், 1974இல் இந்த ஒரு நோய்க்கென்றே அடிஸ் அபாபாவில் தனி வைத்தியசாலை கட்ட வேண்டியிருந்தது. நியூயோர்க் பெண்ணின் இடுப்பெலும்பை இயற்கை புதிதாக வார்த்துக் கொடுத்ததா? சிறு வயதில் வயிறாரச் சோறு, வலி தாமதித்தால் ஏற்றிச் செல்ல வண்டி, போய்ச் சேருமிடத்தில் சத்திரசிகிச்சைக் கூடம் ஆகிய இவையே அந்நோயை அபூர்வமாக்கின. ஆகவே ஒரு சிக்கலை அபூர்வம் என்று யாரேனும் சொன்னால், எங்கே அபூர்வம், யாருக்கு அபூர்வம் என்று கேட்பது அறிவுடைமையே ஆகும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையின் சாதனையை நாம் குறைத்துப் பேசுபவர்கள் அல்லோம். 1930களில் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மாரை இழந்த தீவு இது. கொரோனாத் தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில் அத்தொகை ஏறக்குறைய 30க்கும் 40க்கும் இடையே வந்து நின்றது. பெரும் செல்வமின்றி, இலவச வைத்தியத்தாலும் பெண்கல்வியாலும் கிராமந்தோறும் நடந்து திரிந்த மருத்துவிச்சிகளாலும் அடைந்த வெற்றி அது. உலக வங்கியின் ஆய்வாளர்களே 2003இல் இதனைப் பிற நாடுகளுக்குப் பாடமாக எழுதி வைத்தார்கள். நாமும் வகுப்பறையில் இதனைப் பெருமையோடு கற்பிக்கிறோம். ஆனால் அந்த வெற்றியின் வரலாற்றை ஆண்டு ஆண்டாக எடுத்துப் பார்க்குமிடத்து, தேயிலை மலையின் அடிவாரத்தில் ஒரு கோடு கீறப்பட்டிருப்பதைக் காண்கிறோம்.

1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ இல்லம் திறக்கப்பட்டது. கோப்பித் தோட்டங்களாலும் செல்வம் திரட்டிய ஒரு குடும்பத்தின் கொடை அது. கோப்பிக் காட்டை வெட்டியவளுக்கு அந்த இல்லம் எத்தனை மலைக்கு அப்பால் இருந்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைந்தது. அதிலிருந்துதான் கிராமத்து மருத்துவிச்சி முறை நாடெங்கும் பரவிற்று. தோட்டமோ 1872லும் 1912லும் வந்த ‘வைத்தியத் தேவைகள்’ கட்டளைச் சட்டங்களின்கீழ், துரைமாரின் பொறுப்பில் தனியே கட்டிப் போடப்பட்டிருந்தது. ஒரே தீவில் இரண்டு சுகாதார முறைகள். குடிமக்களுக்கு ஒன்று, கூலிகளுக்கு ஒன்று. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தைப் பாருங்கள். தோட்டத்துக்கென்று அதில் ஒரு மாற்று ஏற்பாடு உண்டு. பிரசவ அறையும் மருத்துவிச்சியும் உணவும் தோட்டமே கொடுக்குமாயின் கைக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்துக்கொள்ளலாம்! தாயின் ஓய்வையும் கழிவு விலையில் வாங்கிய சட்டம் அது.

1948இல் குடியுரிமை பறிபோயிற்று. வாக்கில்லாதவளுடைய பிரசவத்தைப் பற்றிப் பாராளுமன்றத்தில் யார் பேசுவார்? 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் மக்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது. எஞ்சி நின்றோரின் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. இடையில் 1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. 1990களில் தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்றது. ஏனையவை தோட்ட வைத்திய உதவியாளரின் மருந்தறையாகவே நின்றுவிட்டன. நம்முடைய தொழிலிலும் இதே கதைதானே? இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்கத் தொடங்கியது 1970களில். முப்பது ஆண்டு பிந்தி வந்த நீதியை ‘வளர்ச்சி’ என்று அழைக்கும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும். “அதெல்லாம் பழங்கதை. இன்று நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்குக் குறையாத பிரசவங்கள் வைத்தியசாலையிலேயே நடைபெறுகின்றன. தோட்டத்துப் பெண்ணும் அங்கேதான் பிள்ளை பெறுகிறாள். இன்னும் என்ன முறைப்பாடு?” என்பர்.

உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கு பிள்ளை பிறக்கும் ஒரு நாளை மட்டும் எண்ணுகிறது. நாம் பேசும் சிக்கல்களோ அந்த நாளுக்காகக் காத்திருப்பவை அல்ல. கரு கருப்பைக்குள் தங்காமல் குழாயில் தங்கிவிடுவதை எடுத்துக் கொள்வோம். நூறு கர்ப்பத்துக்கு ஒன்றோ இரண்டோ இவ்வாறு நேரும். ஆறாவது, எட்டாவது வாரத்தில் குழாய் வெடித்து வயிற்றுக்குள் குருதி நிரம்பும். வெளியே ஒரு துளி தெரியாமலும் போகலாம். அந்த வேளையில் அவள் எங்கே நிற்பாள்? மலைச்சரிவில், முதுகில் கூடையோடு, கொழுந்து மலையில் நிற்பாள். நாள் தள்ளிப்போனதை அவள் கங்காணியிடம் சொல்லியிருக்க மாட்டாள். சொன்னால் என்ன கிடைக்கும்? தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் அரைப்பேர். தோள்பட்டையில் வந்த வலியைக் கூடைக் கயிற்றின் வலி என்றும், வந்த மயக்கத்தை வெறும் வயிற்று மயக்கம் என்றும் அவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள். இந்நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாமல் இருக்கிறதா? 1883இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் லோசன் டெயிற் என்பவர் வெடித்த குழாயை வெட்டியெடுத்து ஒரு பெண்ணைப் பிழைக்கவைத்தார். அதே 1883இல்தான் குடியேற்ற ஆட்சி இலங்கைக்குத் தண்டனைச் சட்டக்கோவையைக் கொடுத்தது. தாயின் உயிரைக் காக்கவன்றிக் கருவைக் கலைத்தல் குற்றம் என்னும் அதன் பிரிவு இன்றளவும் உயிரோடிருக்கிறது. மறைவிடத்துக் கருக்கலைப்பால் சீழ்பிடித்து வந்து சாகும் பெண்களும் அதன் பயனே. பிரித்தானியரின் சட்டம் உடனே மலையேறி வந்துவிட்டது. சத்திரசிகிச்சைக் கத்தி இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

பிரசவம் முடிந்த பின்னும் அவ்வாறே. ஓரிரு நாளில் பச்சை உடம்போடு லயத்துக்குத் திரும்பிவிட்டவளுக்கு, உள்ளே தங்கிவிட்ட நஞ்சுத் துணுக்கால் பத்தாம் நாள் குருதி பெருகலாம், காய்ச்சல் காணலாம், வலிப்பு வரலாம். வைத்தியசாலையின் ஏடு அவளைச் ‘சுகமாக வெளியேறினாள்’ என்று எழுதி மூடியிருக்கும்.

குருதிப்பெருக்கு என்றோம். அதன் விரைவை நம் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேற்பட்ட குருதி ஓடுகிறது. பிள்ளை பிறந்ததும் கருப்பை கல்லைப் போல் இறுகிக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். இறுகாவிட்டால் நல்ல உடல்வாகுள்ள பெண்ணும் இரண்டு மணி நேரத்தில் இறந்துபோகலாம். குருதிச்சோகையோடு நாற்பது கிலோ எடையில் நிற்பவளிடம் இழப்பதற்கு அவ்வளவு குருதியும் இல்லை. ரனெக்சமிக் அமிலம் என்று ஒரு மலிவான மருந்துண்டு. 21 நாடுகளில் 20,000 பெண்களிடம் செய்யப்பட்டு 2017இல் வெளிவந்த ஆய்வு, பிரசவத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் அதனை ஊசியாகக் கொடுத்தால் குருதிப்பெருக்கால் வரும் மரணங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைத் தடுக்கலாம் என்று காட்டிற்று. அடுத்த ஆண்டே வந்த கணக்கு அதனினும் முக்கியமானது. தாமதமாகும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் மருந்தின் பயன் பத்திலொரு பங்கு குறைகிறது. மூன்று மணிக்குப் பின் பயனே இல்லை.

பதினைந்து நிமிடம்! மடுல்சீமையின் மேற்பிரிவு ஒன்றில், நள்ளிரவில், மழையில், தோட்டத்து லொறிச் சாரதியை எழுப்புவதற்கே பதினைந்து நிமிடம் போதுமா என்று அப்பகுதியை அறிந்தவர்கள் சொல்லட்டும்.

தாய்மாரின் மரணத்துக்கு மூன்று தாமதங்களே வழிசமைக்கின்றன என்று சீரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1994இல் எழுதினார்கள். புறப்படுவோம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பின் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம். அந்த ஆய்வுக்கு அவர்கள் இட்ட தலைப்பின் பொருள் ‘நடக்க முடியாத தூரம்’ என்பதாகும். ஊவாவின் தோட்டங்களை அவர்கள் பார்த்திருக்கத் தேவையில்லை. பார்த்து எழுதியதுபோலவே இருக்கிறது.

வீதியை எடுத்துக் கொள்வோம். தோட்டத்து வீதி யாருடையது? வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்டால் தன்னுடையதன்று என்னும். கம்பனி நட்டக் கணக்கைக் காட்டும். பிரதேச சபை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தைக் காட்டிற்று. அதன் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபை பணம் செலவிடுவதற்குத் தடையாகக் கொள்ளப்பட்டு வந்தது. தோட்டத் தொழிலாளி சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் ஆகலாம், ஆனால் சபை அவன் வாசலில் ஒரு கூடைக் கல்லைக் கொட்டலாகாது! அந்தச் சட்டம் திருத்தப்பட்டது 2018இல். முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு சட்டப்பிரிவு சேற்றில் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த முப்பத்தொரு ஆண்டிலும் அந்த வீதிகளில் தூக்கிச் செல்லப்பட்ட பெண்களில் எத்தனை பேருக்கு ‘அபூர்வமான சிக்கல்’ என்று எழுதப்பட்டதோ?

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய வண்டி 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் ஊவாவுக்கும் வந்தது. நல்ல காரியம். மனமாரப் போற்றுகிறோம். ஆனால் வண்டி பெருவீதி வரைதான் வரும். பெருவீதிக்கும் லயத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை இன்னும் கம்பளியும் கழியும் நாலு ஆண்களின் தோளுமே கடக்கின்றன. மலையும் சும்மா இருப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தின் மலைகள் பல இடங்களில் சரிந்து வீதிகளை அறுத்தன. அத்தகைய நாட்களிலும் பெண்களுக்கு வலி கண்டுகொண்டுதான் இருக்கும். 2022 மே மாதத்தில், நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, ஹல்துமுல்லைப் பகுதியில் பிறந்து இரண்டே நாளான சிசுவொன்றை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக அதன் தந்தை முச்சக்கர வண்டிக்குப் பெற்றோல் தேடி மணிக்கணக்காக அலைந்தார். தியத்தலாவை வைத்தியசாலையை அடைந்தபோது காலம் கடந்திருந்தது. அந்தச் சிசுவின் நோய்க்கு மருத்துவ நூலில் ஒரு பெயர் இருக்கும். பெற்றோலுக்கு அந்நூலில் அத்தியாயம் இல்லை.

இனி, இந்தச் சிக்கல்கள் தொடங்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியர்களாகிய நாம் இதனை மற்றவர்களைவிட நன்கு அறிவோம், ஏனெனில் அது நம் கண்ணெதிரே வாங்கில் அமர்ந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியவர்கள் நாடளாவிய ரீதியில் நூற்றுக்கு 17, தோட்டங்களில் நூற்றுக்கு 32. குன்றிய சிறுமி குறுகிய இடுப்பெலும்போடு வளர்கிறாள். குறுகிய இடுப்பெலும்பிற் பிள்ளைத்தலை சிக்குகிறது. சிக்கிய தலையை நேரத்தோடு வெளியே எடுக்காவிட்டால் கருப்பை வெடிக்கிறது. 2006–07ஆம் ஆண்டின் ஆய்வில் தோட்டத்துப் பெண்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் இருக்க வேண்டிய எடையின்றி இருந்தனர். பிறந்த பிள்ளைகளிலும் ஏறக்குறைய அதே பங்கு எடை குறைந்தவை. தாய் மெலிந்திருக்க, மகள் மெலிந்து பிறந்து, மெலிந்தே வளர்ந்து, மீண்டும் தாயாகிறாள். 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் ரொக்பெல்லர் நிறுவனத்தார் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கிய காலத்திலேயே, குருதியைக் குடிப்பது புழு, புழுவை வளர்ப்பது மலசலகூடமில்லாத லயம் என்று தெரிந்துதான் இருந்தது. புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். லயத்தை ஒழிக்க நூறாண்டு போதவில்லை.

பழைய சிக்கல்கள் மட்டுமன்றி, புதிதாய் உண்டாக்கப்படும் அபூர்வங்களும் உள. 2016இலேயே நம் நாட்டின் பிரசவங்களில் மூன்றிலொரு பங்கு சிசேரியன். தேவையானவளுக்கு அது உயிர். ஆனால் ஒவ்வொரு தழும்பும் அடுத்த கர்ப்பத்துக்கு ஓர் ஆபத்தை எழுதி வைத்துவிட்டே போகிறது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்து அமைந்த பெண்ணுக்கு முன்பு ஒரு சிசேரியன் நடந்திருந்தால் அந்தக் கொடி தசைக்குள் வேரோடும் வாய்ப்பு நூற்றுக்கு 11, இரண்டு நடந்திருந்தால் நூற்றுக்கு 40 என்று 2006இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. முன்கூட்டியே கண்டுகொண்டால், குருதியும் வல்லுநரும் உள்ள பெரிய வைத்தியசாலையில் நாள் குறித்துப் பிள்ளையை எடுத்துத் தாயைக் காக்கலாம். கண்டுகொள்வதற்கு ஸ்கேன் வேண்டும். ஸ்கேனுக்கு ஒருநாட் பேர் வேண்டும், பஸ் கட்டணம் வேண்டும். இவற்றுக்கும் மேலாக, தன் முதற் பிரசவத்தில் உள்ளே என்ன நடந்தது என்பதை அவளுக்கு யாரேனும் அவள் மொழியில் சொல்லியிருக்க வேண்டும்.

மொழியைப் பற்றித் தமிழாசிரியர்கள் பேசினால் வெறிபிடித்தவர்கள் என்பர். ஆதலால் சுருங்கச் சொல்வோம். நம் பாடநூலில் ‘சூல்வித்தகம்’ என்கிறோம். தோட்டத்துத் தாய் ‘நஞ்சு’ என்கிறாள். வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். தாதி சிங்களத்தில் கேட்கிறாள். “நஞ்சு முழுசா விழல” என்று ஒருத்தி சொல்லும்போது, அந்த மூன்று சொல்லில் அவளுடைய உயிர் இருக்கிறது. அதனை மொழிபெயர்க்கும் பொறுப்பு பல வேளைகளில் வாட்டைக் கூட்டும் சிற்றூழியரின் தலையில் விழுகிறது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. பதுளை மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் சில இருமொழி நிர்வாகப் பிரிவுகளென வர்த்தமானியிலும் வந்திருக்கின்றன. வர்த்தமானி பிரசவ அறைக்குள் நுழைந்ததாகத் தெரியவில்லை. இதற்குச் சிங்களத் தாதியை நோவது அறிவீனம். இரவெல்லாம் நின்று உழைக்கும் அவளும் உழைக்கும் வர்க்கத்தவளே. அவளுக்குத் தமிழ் கற்பிக்காத அரசையும், தமிழ்ப் பெண்களைத் தாதிப் பயிற்சிக்குப் போதிய அளவில் எடுக்காத அரசையும்தான் கேட்க வேண்டும். தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு எத்தனையில் உண்டு என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்ததே.

ஒரு பழைய கணக்கையும் இங்கே நினைவுபடுத்தாமல் போக முடியாது. 1980களில் அரசு கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு இணங்குவோருக்கு ரொக்கப் பணம் கொடுத்தது. தோட்டத்துப் பெண்களிடையே அச்சத்திரசிகிச்சை நாட்டின் பிற பகுதிகளைவிட மிக அதிகமாக நடந்ததைத் தேசிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. விரும்பிச் செய்துகொண்டவர்களும் உண்டு என்பதை மறுக்கமாட்டோம். பிள்ளைச் சுமையும் கூடைச் சுமையும் சேர்ந்தவளுக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு வண்டி வந்தது, வாசல்வரை வந்தது, விடியுமுன்னே வந்தது என்று நம் மூத்த தாய்மார் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிள்ளை பெறாமல் இருப்பதற்கு ஏற்றிச்செல்ல மலையேறிய அந்த வண்டிக்கு, பிள்ளை பெறும்போது மட்டும் வீதி மோசமாகிவிடுவது ஏன்?

“அறியாமைதான் காரணம்; தோட்டத்துப் பெண்கள் கிளினிக்குக்கு ஒழுங்காக வருவதில்லை” என்று கூறும் கனவான்களுக்கு ஒன்று சொல்வோம். ஒரு நாளைக்குக் கிளினிக்கில் நின்று நாட்பேரை இழப்பதா, பேர் போட்டு அரிசி வாங்குவதா என்று கணக்குப் பார்ப்பவள் அறிவில்லாதவள் அல்லள். உங்களைவிடக் கூர்மையாகக் கணக்குப் பார்க்கிறாள். கணக்கின் இரண்டு பக்கத்திலும் நட்டத்தை எழுதி வைத்தது யார் என்பதே கேள்வி. தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒன்று. நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது என்பதை அறிவோம். அந்தப் போராட்டத்தின் எந்தக் கோரிக்கைப் பட்டியலிலாவது, சம்பளத்தோடு கூடிய கிளினிக் நாள் முதலாவது வரியில் நின்றதுண்டா? எழுத்தாள நண்பர்கள் கோபிக்கலாகாது. கொழுந்து கிள்ளும் விரலையும் பனியில் நனைந்த கூந்தலையும் நாம் வேண்டியமட்டும் பாடியாயிற்று. பிரசவத்தில் இறக்கும் கதாநாயகியும் நம் கதைகளில் மலிந்துவிட்டாள். அவள் எதனால் இறந்தாள், எத்தனை மணிக்குக் குருதி பெருகத் தொடங்கிற்று, வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு கதாசிரியரும் எழுதக் காணோம். கண்ணீர் வந்தால் போதும் என்று கதையை முடித்துவிடுகிறோம்.

பனிக்குட நீர் குருதியிற் கலக்கும் வேளையில் கொழும்பின் முதற்தர வைத்தியசாலையிலும் தாய் இறக்கக்கூடும். அதனை அறியாமல் நாம் பேசவில்லை. மனித ஆற்றலுக்கு அடங்காத மரணங்கள் உள. அவற்றை அபூர்வம் என்றே எழுதட்டும். ஆனால் அவ்வாறு எழுதுமுன் நேரத்தையும் எழுதட்டும். தாய் மரணம் ஒவ்வொன்றும் அறிவிக்கப்பட வேண்டும் என்ற விதி இந்நாட்டில் 1985 முதல் இருக்கிறது. ஒவ்வொன்றையும் கூடி ஆராயும் வழக்கமும் உண்டு. அந்த ஆராய்வில் வைத்தியர் இருக்கிறார், மருத்துவிச்சி இருக்கிறார். வீதியைச் செப்பனிடாத கம்பனியின் முகாமையாளரும் அங்கே வந்து பதில் சொல்ல வேண்டும் என்று கேட்பது பெரிய புரட்சி அன்று.

நாம் கேட்பவை மாளிகைகளும் அல்ல. கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா ஆகிய நாடுகளின் 80 வைத்தியசாலைகளில், கண்மதிப்பாக அன்றி அளவு குறித்த ஒரு பிளாஸ்ரிக் விரிப்பில் குருதியை அளந்து, அளவு தாண்டியவுடன் எல்லாச் சிகிச்சைகளையும் ஒருங்கே தொடங்கியதனால், கடுமையான குருதிப்பெருக்கின் கேடுகள் நூற்றுக்கு 60 குறைந்தன என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. ஏழை நாடுகளே செய்து காட்டியிருக்கின்றன. தேயிலையை விற்று அன்னியச் செலாவணி ஈட்டும் நாட்டுக்கு, சம்பளத்தோடு கிளினிக் நாளும், மருந்தறையில் இரவு நேர மருத்துவிச்சியும், தமிழ் பேசும் தாதியும், பெருவீதிவரை வண்டி ஓடும் பாதையும் கட்டாத செலவா?

பதுளையிலும் பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் லுணுகலையிலும் கற்பிக்கும் தோழர்களுக்கும், உயர்தர வகுப்பு மாணவர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் சத்திரசிகிச்சைக் கூடமும் குருதி வங்கியும் உள்ள வைத்தியசாலைக்கு எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைக் கையில் வைத்து அளந்து எழுதுங்கள். லயத்திலிருந்து பெருவீதிக்கு எவ்வளவு, வண்டிக்குக் காத்திருந்தது எவ்வளவு, ஓட்டம் எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். மருத்துவிச்சி எத்தனை பிரிவுகளுக்கு ஒருவர் என்பதையும் சேருங்கள். அந்தப் பட்டியலைப் பிரதேச சபைக்கும், தோட்ட முகாமையாளருக்கும், மாகாணச் சுகாதாரத் திணைக்களத்துக்கும் தமிழிலும் சிங்களத்திலும் அனுப்பி, பதிலுக்குத் திகதி குறித்துக் கேளுங்கள். அளவெடுப்பதை மார்ச் மாதத்து வெயில் நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒக்டோபர் கடைசியில், மலை நனைந்து பாரமாகிய ஓர் இரவில் வைத்துக்கொள்ளுங்கள்.